பழுதைக் கருதுதல்

தாள் எடுக்க மறுக்கும் ஒரு நகல் இயந்திரம். தாளை உள்ளே இழுக்கும் உருளைக்குச் சுழற்சியைக் கொடுக்கிற மின்காந்த க்ளட்ச்சுக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டால், இயந்திரம் சும்மா நிற்கும்போது இரண்டிலும் 24 வோல்ட் காட்டும். பள்ளிக்கூடத்து பேட்டரி, பல்பு, சுவிட்ச் பாடத்தோடு வருகிற ஒருவருக்கு இது தவறாகப் படும். ஒரு கம்பியில் மின்னழுத்தம் இருக்க வேண்டும், மற்றதில் இருக்கக் கூடாது என்று அவர் எதிர்பார்த்திருப்பார். எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது, போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டக்கூடத் தோன்றலாம். ஆனால் அந்த இரண்டு 24 வோல்ட்டும் க்ளட்ச்சின் சுருள் அறுபடவில்லை என்பதற்கான சான்று. இந்த வகை இயந்திரங்களில் 24 வோல்ட் எப்போதும் க்ளட்ச்சின் வாசலில் காத்து நிற்கிறது. கட்டுப்பாட்டு போர்டில் உள்ள டிரான்சிஸ்டர் மறுமுனையைத் தரையோடு இணைக்கும் கணத்தில்தான் மின்னோட்டம் பாய்கிறது. ‘இழு’ என்ற கட்டளை இங்கே மின்னழுத்தத்தின் வீழ்ச்சியாக வருகிறது. மீட்டரில் தெரியும் எண் ஒன்றுதான். அதை நலம் என்று படிப்பதா நோய் என்று படிப்பதா என்பதைக் கையில் இருக்கும் மின்சுற்றுப் படமே தீர்மானிக்கிறது.

தொழிலில் இருப்பவர்கள் சர்க்யூட் டயகிராம் என்று சொல்லும் அந்தப் படத்தைப் பற்றியது இந்தக் கட்டுரை. படத்தை விரித்து வைத்துக்கொண்டு பழுது தேடுவதை ஒரு கைத்தொழிலின் உள்விவகாரமாக நினைத்துக் கடந்துவிடுகிறோம். காரணத்தை நோக்கி மனித அறிவு நகர்வதை அந்த வேலையில் பார்ப்பதுபோல் வேறு சில இடங்களில் மட்டுமே பார்க்க முடியும் என்பது என் வாதம். படம் மறுக்கப்பட்டவர் பழுதுபார்ப்பவர் என்ற நிலையிலிருந்து இறங்கி, சொன்னதைச் செய்பவராகிறார். நம் ஊர்களில் நகலெடுப்பதற்கே ஜெராக்ஸ் என்றுதான் பெயர். தாலுகா அலுவலக வாசலில், பள்ளிக்கூடத்து முக்கில், பேருந்து நிலையத்து மாடிப்படிக்கு அடியில் என்று அந்த இயந்திரம் இல்லாத இடமில்லை. பட்டா, சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் என்று ஒரு மனிதர் அரசின் முன் தன்னை நிரூபிக்கும் தாள்கள் எல்லாம் அதன் வழியாகப் போகின்றன. அது நின்றால் ஒருவரின் விண்ணப்பம் நிற்கிறது. அது ஏன் நின்றது என்று கேட்கும் திறன் யார் கையில் இருக்கிறது என்பது அதனால் எல்லோருக்குமான கேள்வி.

இயந்திரத்தின் சர்வீஸ் கையேட்டில் பொதுவாக இரண்டு வகைப் படங்கள் இருக்கும். ஒன்று, எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்று காட்டுவது. இன்னொன்று, எது எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டுவது. முதலாவது வீட்டின் அறைகளைக் காட்டும் படம் என்றால், இரண்டாவது அந்த வீட்டாரின் வம்சாவளி. ஒரே அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் உறவினராக இருக்க வேண்டியதில்லை. ரத்த உறவு கடல் தாண்டியும் இருக்கலாம். இயந்திரத்தின் முன்கதவுக்குப் பின்னால் இருக்கும் சிறிய மைக்ரோ சுவிட்ச்சும், பின்பக்கத்தில் இருக்கும் க்ளட்ச்சும் இடத்தால் தொலைவு. மின்சுற்றுப் படத்தில் அவை அடுத்தடுத்து நிற்கின்றன. ஏனென்றால் மோட்டார்களுக்கும் க்ளட்ச்சுகளுக்கும் போகும் 24 வோல்ட் அந்தக் கதவு சுவிட்ச்சைத் தாண்டித்தான் போகிறது. கதவைத் திறந்தால் சுழலும் பாகங்கள் அடங்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மூளையாக வேலை செய்யும் போர்டுக்குப் போகும் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் வேறு வழியில் போகின்றன. அதனால் திரை ஒளிர்கிறது, பொத்தான்கள் பதில் சொல்கின்றன, ஒரு மோட்டார்கூட அசையவில்லை என்ற நிலை வரும்போது, படத்தைப் படித்தவர் மோட்டார்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கப் போக மாட்டார். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே குறை என்றால் பொதுவான மூதாதையைத்தான் தேட வேண்டும். அவர் விரல் வம்சாவளியில் மேலே ஏறி, கதவு சுவிட்ச்சிலோ அதற்கு முன்னுள்ள ஃபியூஸிலோ போய் நிற்கும்.

இப்போது க்ளட்ச்சுக்குத் திரும்பலாம். 24 வோல்ட் மின்வழங்கியில் பிறந்து, ஃபியூஸ், கதவு சுவிட்ச், ஒரு கனெக்டர், க்ளட்ச்சின் சுருள், இன்னொரு கம்பி, மறுபடி ஒரு கனெக்டர், டிரான்சிஸ்டர் என்று போய்த் தரையில் முடிகிறது. இந்தச் சங்கிலி தெரிந்தவருக்கு ஒவ்வோர் அளவும் ஒரு வாக்கியம். க்ளட்ச்சின் முதல் கம்பியிலேயே 24 வோல்ட் இல்லை என்றால், குறை அதற்கு மேற்பக்கம். முதல் கம்பியில் 24 இருந்து, இரண்டாவதில் சும்மா நிற்கும்போதும் இல்லை, க்ளட்ச்சும் பிடிக்கவில்லை என்றால், சுருள் அறுந்திருக்க வேண்டும். அதே அளவு, ஆனால் க்ளட்ச் விடாமல் பிடித்தபடியே இருக்கிறது என்றால், சுருள் நலம். டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது அந்தக் கம்பி எங்கோ சட்டத்தில் உரசித் தரையைத் தொட்டிருக்கலாம். ஸ்டார்ட் பொத்தானை அழுத்திய பிறகும் இரண்டாவது கம்பி 24-லிருந்து விழவில்லை என்றால், கட்டளை வந்து சேரவில்லை. அப்போது போர்டின் பக்கத்திலிருக்கும் கனெக்டரில் அதே கம்பியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே 24 இல்லவே இல்லை, இங்கே 24 நிற்கிறது என்றால், இடையில் கம்பி அறுந்திருக்கிறது. மடங்கி நிமிரும் இடங்களில், உறைக்குள்ளேயே செம்பு இழைகள் இற்றுப் போய், வெளியில் எந்தத் தழும்பும் காட்டாத கம்பி அது. யாருடைய கண்ணுக்கும் தெரியாத ஒரு முறிவு, இரண்டு எண்களுக்கு நடுவே பிடிபடுகிறது.

இந்தத் தேடலில் ஒரு சிக்கனமும் இருக்கிறது. பழுது இருக்கக்கூடிய புள்ளிகள் 16 என்றால், ஒரு முனையிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்ப்பவர் 15 முறை வரை பார்க்க நேரலாம். நடுவில் தொட்டு, குறை இந்தப் பாதியிலா அந்தப் பாதியிலா என்று கேட்பவர் 4 கேள்விகளில் முடித்துவிடுவார். ஆனால் நடு எது என்று தெரிவதற்கு முழுச் சங்கிலியும் கண்முன் இருக்க வேண்டும். அதோடு, கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். துருப்பிடித்த ஒரு கனெக்டர் முள், மின்னோட்டம் இல்லாதபோது 24 வோல்ட்டை முழுதாகக் காட்டும். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் அவ்வளவு சொற்பம். க்ளட்ச் இழுக்கத் தொடங்கும்போதுதான் அந்த முள்ளில் அழுத்தம் சரியும். சுமை ஏறாதவரை எல்லாக் கம்பியும் நல்ல கம்பிதான். எங்கே தொடுவது, எப்போது தொடுவது, என்ன எண்ணை எதிர்பார்ப்பது ஆகிய மூன்றையும் முன்பே யோசித்தவருக்கே அளவு பயன்படும். எதிர்பார்ப்பு இல்லாமல் தொடுகிறவருக்கு மீட்டர் எண்களை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

தமிழில் அறிவின் வாயில்களைப் பற்றிய சிந்தனை பழமையானது. மணிமேகலையில் அளவைகள் பத்தாக விரித்துச் சொல்லப்படுகின்றன; இல்லாமையைக் கொண்டு அறியும் அபாவமும் அவற்றில் ஒன்று. சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்குகிறது. கண்ணால் காண்பது, காரணத்தை ஊகித்து உணர்வது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. இந்தப் பகுப்பு பழுதுபார்க்கும் மேசைக்கும் அப்படியே பொருந்துகிறது. வெளிறிய நகல், தாளில் விழுந்த கோடு, அசையாத உருளை ஆகியவை காண்டல். திரையில் ஒளிரும் பிழை எண்ணும், ‘இந்த எண் வந்தால் இந்தப் பாகத்தை மாற்று’ என்ற கையேட்டு வரியும் உரை. மின்சுற்றுப் படத்தையும் மீட்டரையும் வைத்துக்கொண்டு செய்வது கருதல். கடந்த சில பத்தாண்டுகளில் இந்தத் தொழில் கருதலிலிருந்து உரையை நோக்கிச் சாய்ந்துகொண்டே வந்திருக்கிறது. இயந்திரமே தன் நோயைச் சொல்லிவிடும்போது ஊகிக்க என்ன இருக்கிறது என்பது அந்தச் சாய்வின் நியாயம். அதை நேராக எதிர்கொள்ள வேண்டும்.

உரை அளவையாக நிற்பதற்கு, சொல்பவர் தாம் அறிந்ததைச் சொல்ல வேண்டும். பிழை எண் எதை அறிந்து சொல்கிறது என்று பார்ப்போம். ‘ஜாம்’ என்று திரை காட்டும்போது, தாள் எங்கும் சிக்கியிருக்க வேண்டும் என்பதில்லை. தாள் குறித்த நேரத்துக்குள் ஒரு சென்சாரை வந்தடையவில்லை, அல்லது குறித்த நேரத்துக்குள் அதைவிட்டு நீங்கவில்லை என்பதே போர்டுக்குத் தெரிந்த செய்தி. அந்தச் சென்சார், எதிரெதிரே நிற்கும் ஓர் எல்இடியும் ஒளியுணர் டிரான்சிஸ்டரும். தாள் வரும்போது ஒரு சிறு நெம்புகோல் நகர்ந்து ஒளியைத் தடுக்கிறது, அல்லது திறக்கிறது. காகிதத் தூசி ஒளியை மறைத்தாலும், நெம்புகோலின் சுருள்வில் கழன்றாலும், சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் கம்பி விட்டுப்போனாலும், போர்டு அதே சொல்லைத்தான் சொல்லும். டோனரை உருக்கித் தாளில் ஒட்டவைக்கும் ஃபியூசரில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே ஏறக்குறைய 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் காவல் காப்பது தெர்மிஸ்டர் என்ற சிறு மணி. வெப்பம் கூடக்கூட அதன் மின்தடை குறையும். அதன் கம்பி அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும். போர்டின் கணக்கில் அது கடுங்குளிர். அறுந்த கம்பியும் உறைபனியும் ஒரே முகத்தோடு வந்து நிற்கின்றன. ‘ஃபியூசர் சூடாகவில்லை’ என்ற எண்ணுக்குப் பின்னால் விளக்கு எரிந்து போயிருக்கலாம், வெப்ப ஃபியூஸ் அறுந்திருக்கலாம், விளக்கை இயக்கும் டிரையாக் செத்திருக்கலாம், தெர்மிஸ்டர் உருளையைத் தொடாமல் விலகியிருக்கலாம். எண் பொய் சொல்லவில்லை. தான் நின்ற இடத்திலிருந்து கண்டதைச் சொல்கிறது. அந்த இடம் எது என்று மின்சுற்றுப் படம் காட்டுகிறது.

இதற்கு ஆவணமாகிவிட்ட சான்றும் உண்டு. மானுடவியலாளர் ஜூலியன் ஓர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் இருந்தபோது நகல் இயந்திரத் தொழில்நுட்பர்களோடு கூடவே சுற்றி, அவர்கள் வேலையைக் கவனித்து எழுதினார். 1996-இல் அது நூலாக வந்தது. நிறுவனம் கொடுத்த ஆவணங்கள் ‘இதைப் பார், இப்படி இருந்தால் அதைச் செய்’ என்று கட்டளையிடும் வடிவில் இருந்தன. ஏன் என்பதை அவை சொல்லவில்லை. அவர் பதிவு செய்த ஒரு நிகழ்வில் இயந்திரம் காட்டிய பிழை எண் ஒரு திசையைக் காட்டியது. அறிகுறிகள் அதோடு பொருந்தவில்லை. தொழில்நுட்பரும் அழைத்து வரப்பட்ட வல்லுநரும் மணிக்கணக்கில் சோதனை செய்தும், பழைய இயந்திரங்களின் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லியும் தேடினார்கள். டிரம்மில் மின்னூட்டம் ஏற்றும் பாகம் ஷார்ட் ஆகி, அது 24 வோல்ட் வழங்கலைக் கவிழ்த்து, இயந்திரம் மீண்டெழும்போது சம்பந்தமில்லாத எண்ணைக் காட்டுகிறது என்பது கடைசியில் தெரிந்தது. ஒரு பாகத்தின் முறிவு இன்னொரு பாகத்தின் வாயால் பேசியது. அந்த இருவரும் எண்ணை நம்பியிருந்தால் தவறான பாகத்தை மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்கள். எது எதைக் கவிழ்க்கும் என்ற உறவை யோசித்ததால் தப்பினார்கள்.

ஓரின் ஆய்விலிருந்தே என் வாதத்துக்கு ஒரு மறுப்பை எடுக்கலாம். அந்தத் தொழில்நுட்பர்களைக் காப்பாற்றியது படமா, சக தொழிலாளர்களிடமிருந்து வந்த கதைகளா? நம் ஊரிலும் மின்சுற்றுப் படத்தைக் கண்ணால் பார்த்திராத எத்தனையோ கைகள், சத்தத்தைக் கேட்டே, வாசனையை முகர்ந்தே பழுதைச் சொல்லிவிடுகின்றன. அந்த அறிவைக் குறைத்து மதிப்பவர் இந்தத் தொழிலை அறியாதவர். ஆயினும் அனுபவத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை நகல் இயந்திரத்தின் வரலாறே காட்டிக் கொடுத்தது. பழைய ஒளிவழி இயந்திரங்களில், மூலத்தின் வெள்ளைப் பகுதியிலிருந்து பட்டுத் திரும்பும் ஒளி டிரம்மின் மின்னூட்டத்தை அழிக்கும். மின்னூட்டம் எஞ்சிய இடத்தில் டோனர் ஒட்டும். அதனால் மின்னூட்டம் ஏற்றும் பாகம் செத்துப்போனால் நகல் வெறும் வெள்ளையாக வரும். லேசர் கொண்ட டிஜிட்டல் இயந்திரங்கள் வந்தபோது கணக்கு தலைகீழாகியது. லேசர் எங்கே மின்னூட்டத்தை அழிக்கிறதோ அங்கேதான் டோனர் ஒட்டுகிறது. இப்போது மின்னூட்டம் ஏற்றும் பாகம் செத்தால் நகல் முழுக்கக் கறுப்பு. ஒளிமூலம் செத்தால் பழைய இயந்திரத்தில் கறுப்பு, புதியதில் வெள்ளை. இருபது ஆண்டுகள் பழகிய கண், ஒரு தலைமுறை இயந்திரம் மாறியதும் சரியாக எதிர்த்திசையில் கைநீட்டும். காரணம் அறிந்தவர் இந்தத் திருப்பத்தைத் தாண்டிவிடுவார். கதை என்பது தீர்ந்துபோன ஒரு பழுதின் நினைவு. அதைப் புதிய இயந்திரத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டுமானால், அடியில் ஒரு படம் வேண்டும். அது தாளில் இருந்தாலும் சரி, மனத்தில் இருந்தாலும் சரி. ஓரின் தொழில்நுட்பர்கள் கதைகளின் வழியாகக் கட்டிக்கொண்டதும் அத்தகைய ஒரு படத்தைத்தான்.

இரண்டாவது மறுப்பு பணத்தின் மொழியில் வருகிறது. ஒரு சென்சாருக்காக அரை நாள் தேடுவதைவிட, போர்டையோ முழு யூனிட்டையோ மாற்றிவிட்டு அடுத்த கடைக்குப் போவது லாபம். வாடிக்கையாளருக்கும் இயந்திரம் சீக்கிரம் ஓடினால் போதும். பல வேளைகளில் இது உண்மை. தேய்ந்து போவதற்கென்றே செய்யப்பட்ட உருளையை ஆராய்ந்துகொண்டிருப்பது வீண். ஆனால் மாற்றுவதும் ஒரு முடிவுதான். எதை மாற்றுவது என்று தெரிந்திருந்தால்தான் அது முடிவாகும். 24 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் இழுக்க வேண்டிய க்ளட்ச் ஒன்றின் சுருள் 120 ஓம் காட்ட வேண்டும். உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி அது 20 ஓமாகச் சுருங்கினால், மின்னோட்டம் 1.2 ஆம்பியராக ஆறு மடங்கு பெருகும். போர்டில் உள்ள டிரான்சிஸ்டர் எரியும். போர்டு செத்திருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்து, புதிய போர்டைப் போட்டு, ஸ்டார்ட் அழுத்தினால் புதிய போர்டும் எரியும். முதல் மரணத்துக்குக் காரணமான க்ளட்ச் இன்னும் அங்கேயே இருக்கிறது. போர்டையும் க்ளட்ச்சையும் இணைக்கும் அந்த ஒரு கோட்டைப் படத்தில் பார்த்தவர், புதிய போர்டைப் பூட்டுவதற்கு முன் மறுமுனையின் தடையை அளந்திருப்பார். பழைய இயந்திரத்தை வாங்கிப் புதுப்பித்துக் கடன் அடைக்கும் ஒரு சிறு கடைக்காரருக்கு இரண்டாவது போர்டின் விலை பெரிய விலை. எறியப்படும் முதல் போர்டிலோ, எரிந்த ஒரு டிரான்சிஸ்டரைத் தவிர மற்ற எல்லாம் உயிரோடு இருக்கின்றன.

மூன்றாவது மறுப்பு ஆபத்தைப் பற்றியது. நகல் இயந்திரத்துக்குள் பல ஆயிரம் வோல்ட் ஓடும் பகுதிகள் உண்டு; வீட்டு மின்சாரமான 230 வோல்ட் நேராக ஃபியூசர் விளக்குக்குப் போகிறது. இதன் படத்தைப் பயிற்சி இல்லாதவர் கையில் கொடுப்பது விபத்தை அழைப்பதாகாதா? ஆபத்து உண்மை. 1959-இல் அறிமுகமான ஜெராக்ஸ் 914 இயந்திரத்தோடு ஒரு சிறு தீயணைப்பானும் சேர்த்தே தரப்பட்டது. தாள் சூட்டில் பற்றிக்கொள்ளும் அபாயம் அதில் இருந்தது. ஆனால் படம் இல்லாததால் யாரும் மூடியைக் கழற்றாமல் இருப்பதில்லை. எதன்மேல் கைவைக்கிறோம் என்று தெரியாமல் கழற்றுகிறார்கள். ஃபியூசரில் விளக்கோடு ஒரே தொடரில் நிற்கும் வெப்ப ஃபியூஸை எடுத்துக்கொள்வோம். அது அறுந்து, மாற்றுப் பாகம் கிடைக்காதபோது, ஒரு துண்டுக் கம்பியால் இரண்டு முனையையும் இணைத்து இயந்திரத்தை ஓடவிடத் தோன்றலாம். ஓடவும் செய்யும். மின்சுற்றுப் படத்தைப் பார்த்தவருக்கு அந்த ஃபியூஸ் எந்தப் போர்டின் தயவும் இல்லாமல் நிற்பது தெரியும். தெர்மிஸ்டர் தவறாகச் சொல்லி, போர்டு அதை நம்பி, டிரையாக் மூடாமல் சிக்கிக்கொண்டாலும், மின்சாரத்தைத் தானாகவே அறுத்துவிடும் கடைசிக் காவல் அது. அதைக் கம்பியால் தாண்டுவது காவல்காரரைக் கட்டிப்போடுவது. ‘தொடாதே’ என்ற எச்சரிக்கைச் சீட்டு அவசரத்தில் மீறப்படும். ஏன் தொடக் கூடாது என்று புரிந்தவரின் கை தானாகவே நிற்கும்.

நான்காவது மறுப்புதான் எனக்கு மிகக் கடினமானது. இன்றைய இயந்திரத்தில் பாதி கம்பி, பாதி மென்பொருள். கோடுகளைப் பின்தொடர்ந்து எவ்வளவு தூரம் போக முடியும்? 2013 ஆகஸ்டில் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்யும்போது எண்களையே மாற்றிவிடுகின்றன என்று நிரூபித்தார். ஒரு கட்டட வரைபடத்தில் அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 என்று இருந்தது. ஸ்கேன் செய்ததில் மூன்றுமே 14.13 ஆகிவிட்டன. ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதிச் சேமிக்கும் சுருக்க முறைதான் காரணம். நிறுவனம் பிறகு அதற்கான திருத்தத்தை வெளியிட்டது. எந்தக் கம்பியும் அறுபடவில்லை, எந்த மின்னழுத்தமும் பிசகவில்லை, எந்தப் பிழை எண்ணும் ஒளிரவில்லை. மின்சுற்றுப் படம் இதைக் காட்டியிருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழை எப்படி வெளிப்பட்டது என்று பாருங்கள். வரைபடத்தில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த அறையும் சிறிய அறையும் ஒரே பரப்பு என்று எழுதியிருந்தது பொருந்தவில்லை. இயந்திரத்தின் உரையை, வரைபடத்தை வைத்து நடந்த கருதல் மறுத்தது. கம்பியிலிருந்து மென்பொருளுக்குப் பழுது இடம் மாறினால், படத்தின் வேலையைச் செய்ய மென்பொருளின் மூல எழுத்து வேண்டியிருக்கும். இதையும் ஓர் அச்சு இயந்திரமே உலகுக்குச் சொல்லியது. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஒரு ஜெராக்ஸ் லேசர் அச்சு இயந்திரம் வந்தது. தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி அனுப்பும் வசதியை முந்தைய இயந்திரத்தில் சேர்த்திருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், இதிலும் சேர்க்க மூல எழுத்தைக் கேட்டார், தர மறுத்துவிட்டார்கள். 1983-இல் அவர் அறிவித்த குனு திட்டத்துக்கும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் அந்த மறுப்பு ஒரு தூண்டுதலாக இருந்ததை அவரே சொல்லி வந்திருக்கிறார். கேள்வி கேட்க ஒரு படம் வேண்டும் என்ற தேவை மென்பொருளோடு முடிந்துபோகவில்லை. அது கிளைத்துப் பெரிதாகியிருக்கிறது.

எஞ்சியிருப்பது உற்பத்தியாளர்களின் வாதம். படம் வணிக ரகசியம், வெளியே விட்டால் போட்டியாளர் நகலெடுத்துவிடுவார் என்கிறார்கள். போட்டியாளரிடம் பணமும் ஆட்களும் உண்டு. ஓர் இயந்திரத்தை வாங்கிப் பிரித்து, கம்பிகளைப் பின்தொடர்ந்து, தானே படம் வரைந்துகொள்ள அவரால் முடியும். அந்த அவகாசம் இல்லாதவர், மாலைக்குள் இயந்திரத்தை ஓடவைக்க வேண்டிய தனி மெக்கானிக். பூட்டு திருடரைத் தடுக்காமல் வீட்டாரைத் தடுக்கிறது. மேலும் பழுதுபார்ப்பவர் கேட்பது சில்லுகளின் உள்ளமைப்பை அல்ல. எந்தப் போர்டிலிருந்து எந்தப் பாகத்துக்கு எந்தக் கம்பி போகிறது, எந்த முள்ளில் எப்போது எவ்வளவு மின்னழுத்தம் இருக்க வேண்டும் என்ற அளவே போதும். 2022 டிசம்பரில் இந்திய அரசின் நுகர்வோர் துறை பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு தளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது முன்வைத்தது. அலுவலக இயந்திரங்கள் தனித் துறையாக அதில் இல்லை. நாட்டின் ஆவணங்களையெல்லாம் சுமக்கும் இயந்திரத்துக்கு அங்கே ஓர் இடம் இருக்க வேண்டும்.

நகல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த செஸ்டர் கார்ல்சன், நியூயார்க்கில் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். காப்புரிமை விண்ணப்பங்களுக்கு எழுத்தும் வரைபடமும் பல பிரதிகள் வேண்டும். அவை போதுமான அளவு கிடைத்ததே இல்லை. அந்தத் தட்டுப்பாடுதான் அவரைத் தேடவைத்தது. 1938 அக்டோபர் 22 அன்று அஸ்டோரியாவில் ஒரு வாடகை அறையில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டம் ஏற்றி, அன்றைய தேதியையும் ஊர்ப் பெயரையும் அவரும் உதவியாளர் ஒட்டோ கோர்னெயும் முதல் நகலாக எடுத்தார்கள். 1942-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை என்பது சமூகத்தோடு ஓர் ஒப்பந்தம்: கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்று படம் போட்டு எல்லோருக்கும் காட்டு, பதிலுக்குச் சில ஆண்டுகள் உரிமையை வைத்துக்கொள். கார்ல்சனின் படங்களை இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். வரைபடங்கள் பலர் கைக்குப் போக வேண்டும் என்பதற்காகப் பிறந்த இயந்திரம் அது. அதன் வழிவந்த இயந்திரங்கள் தங்கள் வரைபடத்தை மறைத்து வைக்கும்போது, தாங்கள் பிறந்த காரணத்தையே மறக்கின்றன.

படமும் சில சமயம் தவறும். இடையில் போர்டு மாறியிருக்கும், கனெக்டரின் முள் எண் மாறியிருக்கும். பழைய படத்தின் ஓரத்தில் பென்சிலால் திருத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திருத்தமும் கருதலின் வேலைதான்: அளவு பொருந்தவில்லை, ஆகவே படம் மாறியிருக்க வேண்டும் என்று கண்டுகொள்வது. மீண்டும் அந்த க்ளட்ச்சின் இரண்டு கம்பிகளுக்கு வருவோம். கடைக்கு வெளியே ஒருவர் விண்ணப்பத்தோடு காத்திருக்கிறார். மீட்டரில் 24 என்று நிற்கிறது. மெக்கானிக் ஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, அந்த எண் விழுகிறதா என்று பார்க்கிறார். அது விழ வேண்டும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதை எழுதி வைத்திருக்கும் தாள் அவர் கைக்குக் கிடைக்க வேண்டும்.